இடிபாடும் குப்பையும் மண்ணாகுமா? காபனைச் சிறைப்பிடிக்கும் செயற்கை நிலங்கள்

ஒரு கட்டடம் இடிக்கப்பட்ட பின்னர் எஞ்சுவது என்ன என்று கேட்டால், கல்லும் தூசியும் என்றே பெரும்பாலானோர் விடை கூறுவர். ஒரு நகரத்தின் சமையலறைகளிலிருந்து நாள்தோறும் வெளியேறுவது என்ன என்று கேட்டால், அழுகும் குப்பை என்பர். இவ்விரண்டையும் முறைப்படி சேர்த்தால் மரம் வளரும் மண்ணை ஆக்கலாம் என்பதும், அம்மண் வளிமண்டலத்திலுள்ள காபனீரொட்சைட்டின் ஒரு பகுதியை இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும் என்பதும் கடந்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நிலத்திலே செய்து காட்டிய உண்மைகளாகும்.

இது விஞ்ஞானிகளுக்கு மட்டுமே உரிய செய்தியன்று. புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களிற் பலர் உணவகச் சமையலறைகளிலும், துப்புரவுப் பணிகளிலும், கட்டட வேலைத்தலங்களிலும் உழைத்து வருபவர்கள். ஒரு நகரத்தின் கழிவு எத்தகையது என்பதை ஏட்டில் அன்றிக் கையால் அறிந்தவர்கள். அத்துடன், நகரத்தின் கழிவு கொண்டுசென்று கொட்டப்படும் புறநகர்களிலேயே எமது குடும்பங்களுட் பெருந்தொகையானவை குடியிருக்கின்றன. எனவே, கழிவு மண்ணாகின்றதா அல்லது மண் என்ற பெயரில் கழிவாகவே கிடக்கின்றதா என்பதை அறியவேண்டிய தேவை எமக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே உண்டு.

காபனின் களஞ்சியம்

உலகிலுள்ள மண்ணின் மேல் ஒரு மீற்றர் ஆழத்தில் மட்டும் ஏறத்தாழ 1,50,000 கோடி தொன் சேதனக் காபன் அடங்கியுள்ளது. இது வளிமண்டலத்திலுள்ள காபனைவிட அதிகம். உலகின் தாவரங்கள் யாவற்றிலுமுள்ள காபனைவிடவும் அதிகம். இதனாலேயே 2015ஆம் ஆண்டு பாரிஸில் நடைபெற்ற காலநிலை மாநாட்டின்போது, மண்ணிலுள்ள காபனை ஆண்டொன்றுக்கு ஆயிரத்துக்கு நான்கு பங்கு வீதம் உயர்த்தவேண்டும் என்ற முயற்சியைப் பிரான்ஸ் அரசு முன்வைத்தது.

அந்த முயற்சி வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையுமே முதன்மையாகக் கருத்திற் கொண்டிருந்தது. நகரத்து மண்ணை எவரும் பெரிதாக எண்ணவில்லை. கொங்கிறீற்றும் தாரும் மூடிய நிலம் இறந்த நிலம் என்பதே பொதுவான எண்ணம். எனினும் மண்ணியலாளர்கள் வேறு விதமாகச் சிந்திக்கத் தொடங்கியிருந்தனர். 2006ஆம் ஆண்டில், உலக மண் வகைப்பாட்டிலே "ரெக்னோசொல்" என்ற புதிய வகை ஒன்று சேர்க்கப்பட்டது. மேல் ஒரு மீற்றர் ஆழத்துக்குள் ஐந்திலொரு பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதி மனிதன் ஆக்கிய பொருட்களாக, அதாவது செங்கல், கொங்கிறீற், கசடு, குப்பை போன்றவையாக இருப்பின் அந்த மண் பொதுவாக இவ்வகையுள் அடங்கும். கழிவு நிறைந்த நிலமும் மண்ணே. அதற்கும் தனித்த இயல்புகள் உண்டு என்பதை விஞ்ஞானம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது.

நியூகாசிலில் நிகழ்ந்தது

இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் நகரின் நடுவே பெரிய பியர் வடிசாலை ஒன்று இருந்தது. 2005ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. பின்னர் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. ஏறத்தாழ 10 ஹெக்டேயர் பரப்புள்ள அந்நிலத்தில் நொருங்கிய கொங்கிறீற்றும் பிற கட்டட இடிபாடுகளும் மண்ணோடு கலந்து கிடந்தன. பேராசிரியர் டேவிட் மானிங் உள்ளிட்ட நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நிலத்தில் மண் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, தமது முடிவுகளை 2015ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அம்முடிவு வியப்புக்குரியது. அங்குள்ள ஒவ்வொரு ஹெக்டேயர் நிலமும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 85 தொன் காபனீரொட்சைட்டை வளிமண்டலத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்தது. மிதவெப்ப நாடுகளிலுள்ள காடுகள் அகற்றும் அளவைவிட இது பல மடங்கு அதிகமாகும். இவ்வளவுக்கும் அந்நிலத்தில் எவரும் எதையும் நட்டு வளர்க்கவில்லை.

இதன் இரகசியம் சுண்ணாம்பிலேயே உள்ளது. சுவருக்கு வெள்ளையடித்துப் பழகிய எவருக்கும் இது தெரிந்த சங்கதியே. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசினால் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி, மெல்ல மெல்ல இறுகி, மீண்டும் சுண்ணக்கல்லின் இயல்பை அடைகின்றது. சீமெந்திலும் கல்சியம் மிகுதியாக உண்டு. கொங்கிறீற் சுவராக நிற்கும்போது அதன் மேற்பரப்பு மட்டுமே காற்றைச் சந்திக்கின்றது. அதனை இடித்து நொருக்கினால் மேற்பரப்பு பன்மடங்காகப் பெருகுகின்றது. மழைநீரிற் கரைந்த காபனீரொட்சைட்டும், தாவர வேர்களும் நுண்ணங்கிகளும் மண்ணுக்குள் வெளிவிடும் காபனீரொட்சைட்டும் அக்கல்சியத்தோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாகப் படிகின்றன. இவ்வாறு கல்லாகிய காபன், அமிலம் சுரக்கும் மண்ணிலே அகப்பட்டாலன்றி, எளிதில் மீண்டும் வாயுவாகாது. உக்கிப் போகும் இலைகுழைகளிலுள்ள காபனுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

பழைய கடனின் ஒரு பகுதி

இந்த இடத்திலே அவசரப்பட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அந்தக் கல்சியம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும்.

காங்கேசன்துறையை அறிந்த வாசகர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 1950ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரினால் நின்றுபோன அந்தச் சீமெந்துத் தொழிற்சாலை, குடாநாட்டின் சுண்ணக்கல்லை அகழ்ந்தெடுத்தே இயங்கியது. தூய சுண்ணக்கல் 100 கிலோவைச் சூளையிலிட்டுச் சுட்டால், 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டு புகைபோக்கியால் வெளியேறும். சூளையை எரிக்கும் எரிபொருளின் புகை இதற்குப் புறம்பானது. உலகில் மனிதர் வெளியேற்றும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்துத் தொழிலிலிருந்தே வருகின்றது.

ஆகவே இடிந்த கொங்கிறீற் காற்றிலிருந்து எடுத்துக்கொள்வது, அது பிறந்தபோது காற்றுக்குக் கொடுத்ததன் ஒரு பகுதியே. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, 1930க்கும் 2013க்கும் இடையில் உலகெங்கும் பயன்படுத்தப்பட்ட சீமெந்து, தன் உற்பத்தியின்போது சுண்ணக்கல்லிலிருந்து வெளியேறிய காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 43 சதவீதத்தை மீள உறிஞ்சிக்கொண்டது என மதிப்பிட்டது. எரிபொருளிலிருந்து வெளியேறியது இக்கணக்கில் அடங்காது. இது சேமிப்பன்று, கடனின் ஒரு பகுதியைத் திருப்பிச் செலுத்துதலே. ஆயினும், திருப்பிச் செலுத்தக்கூடிய கடனைச் செலுத்தாமல் விடுவதில் நியாயமில்லை. நொருங்கிய கொங்கிறீற்றை மீண்டும் தாரின் கீழே காற்றுப் புகாமல் புதைத்துவிட்டால் அந்த வாய்ப்பும் பெருமளவு இழக்கப்படுகின்றது.

மேலும், இக்கடன் தீர்க்கும் வேகம் என்றென்றும் நீடிப்பதில்லை. எட்டக்கூடிய கல்சியம் முடிந்ததும் உறிஞ்சுதலும் தணிந்துவிடும். அளவையும் மறத்தலாகாது. பிரித்தானியாவில் நாட்டுக்குள் வெளியாகும் வாயுக்களைத் தலைக்கு வகுத்தால், ஆண்டொன்றுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 5 தொன் வருகின்றது. அப்படியாயின் நியூகாசிலின் ஒரு ஹெக்டேயர் இடிபாட்டு நிலம், அதன் உச்ச வேகத்தில், 17 பேரின் பங்கையே ஈடுசெய்யும். பத்து ஹெக்டேயரும் சேர்ந்து 170 பேருக்கு. ஒரு தெருவுக்குப் போதும். ஒரு நகரத்துக்குப் போதாது.

சமையலறையிலிருந்து தோட்டத்துக்கு

இடிபாடு மட்டும் மண்ணாகாது. புதிதாக நொருக்கிய கொங்கிறீற் கடும் காரத்தன்மை உடையது. பல தாவரங்கள் அதில் வேரூன்றமாட்டா. நீரைப் பிடித்துவைக்கவும், நுண்ணங்கிகளுக்கு உணவூட்டவும் உக்கல் வேண்டும். இங்கேதான் நகரத்தின் இரண்டாவது கழிவாகிய உணவு மிச்சமும் பூங்காக்களின் இலைகுழைகளும் பயன்படுகின்றன.

பிரான்சின் லொறேன் பகுதியிலே, ஒமேகூர் என்னும் ஊரில், முன்னர் நிலக்கரியைச் சுட்டுக் கற்கரி ஆக்கிய தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே நான்சி நகரைச் சார்ந்த ஆய்வாளர்கள், வெப்பமூட்டித் தூய்மையாக்கிய தொழிற்சாலை மண்ணோடு, கடதாசி ஆலைச் சேற்றையும் தாவரக் கழிவிலிருந்து கிடைத்த கூட்டெருவையும் அடுக்கடுக்காகச் சேர்த்து மண் ஒன்றை ஆக்கினர். அதில் தாவரங்கள் வளர்ந்தன, மண்புழுக்கள் குடியேறின, மண் தன் கட்டமைப்பை மெல்ல மாற்றிக்கொண்டது. இயற்கையில் ஒரு சென்ரிமீற்றர் மண் உருவாக நூறு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லக்கூடும். அங்கே சில ஆண்டுகளுக்குள்ளாகவே உயிருள்ள மண்ணுக்குரிய அடையாளங்கள் தென்பட்டன.

இவ்வகை மண்ணினால் மற்றொரு நன்மையும் உண்டு. நகரங்கள் புதிய பூங்காக்களை அமைக்கும்போது, அவற்றுக்கு வேண்டிய வளமான மேல்மண்ணை வழக்கமாக விளைநிலங்களிலிருந்தே அள்ளி வருகின்றன. நகரத்தின் அழகுக்காக ஒரு வயல் தன் தோலை இழக்கின்றது. கழிவிலிருந்து மண் ஆக்கப்பட்டால் அந்த வயல் பிழைக்கின்றது. அதிலுள்ள காபனும் கலையாமல் இருக்கின்றது.

உணவுக் கழிவை மண்ணுக்கு அனுப்பாது குப்பைமேட்டுக்கு அனுப்பினால் என்ன நிகழும்? காற்றில்லாத ஆழத்திலே அது அழுகி மெதேன் வாயுவை உண்டாக்கும். நூறு ஆண்டுக் கணக்கிலே மெதேன், காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டும் வாயுவாகும். வளிமண்டலத்துக்கு மட்டுமன்றி மனிதருக்கும் அத்தகைய மேடுகள் ஆபத்தானவை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளிலே, கொழும்பின் மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. அங்கு புதையுண்டவை வசதி படைத்தோரின் மாளிகைகளல்ல. மலையடிவாரத்து ஏழைகளின் வீடுகளே.

எனினும் கூட்டெருவிலுள்ள காபன் கல்லாகிய காபனைப் போன்று நிலையானதன்று. அதன் பெரும்பகுதியை நுண்ணங்கிகள் உண்டு, ஆண்டுகள் சிலவற்றில் மீண்டும் காற்றுக்கே அனுப்பிவிடுகின்றன. ஒரு பகுதி மட்டுமே களித்துணிக்கைகளோடு ஒட்டிக்கொண்டு நீண்ட காலம் தங்குகின்றது. மண்ணைத் திரும்பத் திரும்பக் கிண்டினால் அந்தப் பகுதியும் குறையும்.

ஸ்ரொக்ஹோமின் கரி

இந்தக் குறையை நீக்கச் சுவீடனின் தலைநகர் வேறொரு வழியைக் கைக்கொண்டது. பூங்காக்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் வெட்டிய கிளைகளை, ஒட்சிசன் மிகக் குறைந்த உலையிலிட்டுச் சூடாக்கினால் அவை சாம்பலாகாது கரியாகின்றன. விறகைச் சாம்பலாக்காமல் கரியாக்க மண்ணால் மூடிச் சுடும் எமது ஊர்க் கரிச்சூளையின் தத்துவமே இது. ஸ்ரொக்ஹோம் நகரசபை 2014இல் இத்திட்டத்துக்காகப் பன்னாட்டுப் பரிசொன்றை வென்று, 2017இல் தன் முதலாவது உலையை இயக்கத் தொடங்கியது. உலையின் வெப்பம் வீடுகளைச் சூடேற்றும் குழாய்களுக்குச் செல்கின்றது. கரி, உடைகல்லோடு கலக்கப்பட்டுத் தெருவோர மரங்களின் கீழே இடப்படுகின்றது.

கரியிலுள்ள காபன் நுண்ணங்கிகளுக்கு எளிதில் இரையாவதில்லை. அதன் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் தங்கக்கூடியது. நுண்துளைகள் நிறைந்த அக்கரி நீரையும் ஊட்டத்தையும் பிடித்துவைத்து மரத்துக்குக் கொடுக்கின்றது. இது முற்றிலும் புதியதன்று. அமேசன் காட்டின் பழங்குடிகள், ஐரோப்பியர் அங்கு கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கரியையும் எலும்பையும் உணவு மிச்சத்தையும் உடைந்த மட்பாண்டத்தையும் சேர்த்துக் கரிய வளமான மண்ணை ஆக்கியிருந்தனர். அவர்களது குடியிருப்புகள் அழிந்துபோயின. அவர்களது குப்பையிலிருந்து பிறந்த மண் இன்றும் விளைகின்றது.

யாருடைய வாசலில்?

இவையெல்லாம் நல்ல செய்திகளே. ஆயின் நகரக் கழிவின் வரலாறு நல்ல செய்திகளால் மட்டும் ஆனதன்று. பாரிஸின் வடகிழக்குப் புறநகரான லாக்கூர்நெவில் உள்ள பெரும் பூங்காவை எம்மவர்களிற் பலர் அறிவர். அங்கே நாம் ஏறி இறங்கும் குன்றுகள் இயற்கையானவை அல்ல. பாரிஸ் நகரின் கட்டட வேலைகளிலிருந்து, குறிப்பாக 1970களின் முற்பகுதியில் நகர நடுவிலிருந்த பழைய மொத்தச் சந்தை அகற்றப்பட்டு நிலம் அகழப்பட்டபோது, வெளியேறிய மண்ணும் இடிபாடும் கொட்டப்பட்டு உருவானவை அவை. அதற்கு முன்னர் அந்நிலத்தின் ஒரு பகுதியிலே குடிபெயர்ந்து வந்த ஏழைத் தொழிலாளரின் குடிசைகள் இருந்தன. இன்று அது அழகிய பூங்கா என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுநகரம் தான் வேண்டாதவற்றை எத்திசை நோக்கி அனுப்புகின்றது என்பதையும் அக்குன்றுகள் காட்டுகின்றன.

பேர்லின் நகரின் மேற்கிலுள்ள ரொய்பெல்ஸ்பேர்க் குன்றும் இத்தகையதே. இரண்டாம் உலகப் போரிலே தகர்ந்த வீடுகளின் இடிபாடுகளைக் குவித்து, மேலே மண்ணிட்டு மரம் நட்டனர். இன்று அங்கே காடு நிற்கின்றது. போரின் இடிபாடும் மண்ணாகும் என்பதற்கு அது சான்று. எமது தாயகத்தின் தகர்ந்த சுவர்களுக்கும் இதே இரசாயன விதி பொருந்தும். ஆனால் அங்கே கூரைகளிலிருந்து சிதறிய அஸ்பெஸ்ரஸ் தகடுகளும், வெடிக்காத குண்டுகளும் இடிபாட்டோடு கலந்திருக்கக்கூடும் என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும்.

இப்போது பாரிஸைச் சுற்றி அமைக்கப்பட்டுவரும் புதிய மெற்றோப் பாதைகளுக்காக நான்கு கோடித் தொன்னுக்கு மேற்பட்ட மண் அகழப்படுவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆழத்திலிருந்து வரும் இம்மண்ணில் உக்கல் இல்லை. சில இடங்களில் ஜிப்சமும் உண்டு. அதனைக் கூட்டெருவோடு கலந்து பூங்கா மண் ஆக்கும் முயற்சிகள் பாரிஸ் பகுதியில் நடைபெறுகின்றன. முறையாகச் செய்தால் நன்று. முறை தவறினால், பழைய பூச்சிலுள்ள ஈயம், அஸ்பெஸ்ரஸ் நார், தார்க்கழிவு, நொருங்கிய பிளாஸ்ரிக் ஆகியவை யாவும் "புதிய மண்" என்ற பெயரில் சிறுவர் விளையாடும் இடத்துக்கு வந்து சேரும். காபன் கணக்கைக் காட்டி அதனை மறைக்க எவரையும் அனுமதித்தல் ஆகாது.

எமது பங்கு

செயற்கை மண்ணின் தரம் ஆய்வுகூடத்திலே தீர்மானிக்கப்படுவதைவிட, குப்பைத்தொட்டியின் வாயிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றது. உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வேறாக்கினாலன்றிக் கூட்டெரு மண்ணுக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, 2023 டிசம்பர் 31ஆந் திகதிக்குள் உறுப்பு நாடுகள் யாவும் உக்கும் கழிவைப் பிரித்துச் சேகரிக்கவோ, வீட்டிலேயே உக்கவைக்கவோ ஏற்பாடு செய்யவேண்டும். பிரான்சில் 2024 ஜனவரி 1ஆந் திகதி முதல் இந்நடைமுறை வீடுகளுக்கும் விரிக்கப்பட்டது; எல்லா ஊர்களும் ஒரே வேகத்தில் அதனை நிறைவேற்றவில்லை. உங்கள் ஊரில் இன்னும் தனித்தொட்டி வரவில்லையாயின், அதனைக் கேட்பது உங்கள் உரிமையாகும். வதிவிட அனுமதி இன்னும் கிடைக்காதவர் கூட நகரசபையிடம் தம் வீதியின் குப்பையைப் பற்றிக் கேட்கலாம்.

தொட்டி வந்த பின்னரும் எமது பொறுப்பு முடிவதில்லை. கறிவேப்பிலைக் காம்பும், வெங்காயத் தோலும், மிஞ்சிய சோறும் மண்ணாகும். அவற்றைக் கட்டிப்போடும் பொலித்தீன் பை மண்ணாகாது. உணவகங்களில் வேலை செய்வோர் இதனை வீட்டாரைவிட நன்கு அறிவர். ஒரு நாளில் அவர்கள் கையாளும் கழிவு பல குடும்பங்களின் கழிவுக்குச் சமமானது. கட்டட இடிப்பு வேலைக்குச் செல்வோர், கொங்கிறீற்றோடு ஜிப்சம் பலகையையும் பழைய அஸ்பெஸ்ரஸையும் ஒன்றாக அள்ளிக் கொட்டுமாறு பணிக்கப்பட்டால், அது முதலில் தமது நுரையீரலுக்கும் பின்னர் எவரோ ஒருவரின் தோட்டத்துக்கும் கேடு என்பதை அறிந்திருக்கவேண்டும்.

நகரத்தில் சிறு தோட்டத்துண்டு பெற்று மிளகாயும் கீரையும் நடுவோருக்கு ஒரு சொல். அந்நிலம் முன்னர் என்னவாக இருந்தது, அங்கே இட்ட மண் எங்கிருந்து வந்தது, அது பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்டறியுங்கள். மர நிழலுக்கு ஏற்ற மண் எல்லாம் சமையலுக்கு ஏற்ற மண் அல்ல. பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, தரையின் மேலே பெட்டி அமைத்து, நம்பகமான மண்ணை அதிலிட்டுப் பயிரிடுவதே பாதுகாப்பானது.

குப்பையிலிருந்து ஆக்கிய மண் உலகத்தின் வெப்பத்தைத் தனித்து நின்று தணித்துவிடாது. எண்ணெயும் நிலக்கரியும் எரிவது குறையாதவரை, எந்த மண்ணும் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாது. ஆயினும், புதைத்தால் நஞ்சாகவும் பிரித்தால் பயனாகவும் மாறக்கூடிய பொருள் ஒவ்வொரு நாளும் எமது கைகளினூடாகக் கடந்து செல்கின்றது. நாம் குடியேறிய நகரங்களின் அடுத்த பூங்கா எதனால் ஆகப்போகின்றது என்பது, இன்றிரவு எமது சமையலறையில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றனவா, ஒன்றுதானா என்பதையும் பொறுத்திருக்கின்றது.